ஒரு ரூபாய் காசு அடிக்கிறத நிறுத்தச் சொல்றவங்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

அமெரிக்காவுல ஒரு சென்ட் காசு, அதான் பென்னி, அடிக்கிறத நிறுத்திட்டாங்கன்னு உங்க பேப்பர்ல கட்டுரை வந்துச்சு, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு வாசகர் ஒருத்தர் கடிதம் எழுதியிருந்தார், நம்ம நாட்டுலயும் ஒரு ரூபாய் காசை நிறுத்திடலாம், அடிக்கிற செலவு அதோட மதிப்பை விட ஜாஸ்தி, எல்லாரும் போன்லயே பணம் அனுப்புறாங்க, சில்லறைய இனிமே யாரு தேடுறான்னு. நான் கோவில்பட்டியில சின்னதா ஒரு மளிகைக் கடை வச்சிருக்கேன், எங்க அப்பா காலத்துக் கடை. அந்தக் கடிதத்தை படிச்சதுல இருந்து மனசுக்கு ஒப்பல, அதனாலதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் வெட்டாம போடுங்க.

முதல்ல அமெரிக்கா கணக்கைப் பாப்போம். அங்க பென்னி 1793ல இருந்து அடிச்சுட்டு வந்த காசு, 2025 நவம்பர் 12ஆம் தேதி பிலடெல்பியா நாணயச்சாலையில புழக்கத்துக்கான கடைசி காசை அடிச்சு முடிச்சாங்க. 2024 கணக்குப்படி ஒரு பென்னி அடிக்க 3.69 சென்ட் ஆகுது, அதாவது ஒண்ணுக்கு மூணரை மடங்குக்கு மேல செலவு. அதுக்கு மேல, அந்த ஒரு பென்னியை கொண்டு போய் கடையில நீட்டினா எதுவுமே கிடைக்காது, மிட்டாய் கூட கிடைக்காது, மீதிச் சில்லறையா வாங்கிட்டு வந்து வீட்டு ஜாடியில போட்டு வைக்கிறதுதான் அதுக்கு மிஞ்சின வேலை. அப்படிப்பட்ட காசை நிறுத்தினது நியாயம்தான், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா ஒரு ரூபாயை அதுக்குப் பக்கத்துல வச்சு பேசுறது எப்படிங்க சரியா இருக்கும்?

என் கடையில ஒரு ரூபாய்க்கு என்னென்ன கிடைக்கும்னு சொல்றேன். ஷாம்பூ பாக்கெட் கிடைக்கும். ஊறுகாய் பாக்கெட் கிடைக்கும். சாமி கும்பிட சூடம் கிடைக்கும், தேன் மிட்டாய், ஜவ்வு மிட்டாய், கடலை மிட்டாய்ல சின்னத் துண்டு இதெல்லாம் கிடைக்கும். கடையை விட்டு வெளிய போனா அம்மா உணவகத்துல இட்லி ஒரு ரூபாய், 2013ல ஆரம்பிச்சப்ப வச்ச விலை. ஒரே ஒரு காசை வச்சு ஒரு மனுஷன் தலைக்குக் குளிக்கலாம், ஒரு இட்லி சாப்பிடலாம், ஒரு பிள்ளை அழுகையை நிறுத்தலாம். இதை செல்லாக்காசு மாதிரி நினைச்சு பேசுறவங்க கடைசியா எப்ப ஒரு பெட்டிக்கடையில நின்னு சாமான் வாங்கினாங்கன்னு எனக்குத் தெரியல.

சாயங்காலம் ஆனா தீப்பெட்டி ஆபீஸ் வேலை விட்டு வர்ற பொம்பளைங்க எங்க கடை வழியாத்தான் போவாங்க. அவங்களுக்கு சம்பளம் வாரக்கணக்கு, சனிக்கிழமைதான் கையில காசு புழங்கும், மத்த நாள்ல சுருக்குப் பையில இருக்குறதை வச்சுதான் வாங்கணும். அண்ணாச்சி ஷாம்பூ ரெண்டு, ஊறுகாய் ஒண்ணு, சூடம் ஒண்ணு, பிஸ்கட் ஒண்ணுன்னு கேப்பாங்க, கேக்கும்போதே மனசுக்குள்ள கூட்டிருவாங்க, ஒன்பது ரூபாய்னு நான் சொல்றதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு ரூபாயும் நாலு ஒத்த ரூபாயும் கல்லா மேல வரிசையா வச்சிருப்பாங்க. பாட்டில்ல வாங்கினா மில்லி கணக்குக்கு விலை குறையும்னு அவங்களுக்கும் தெரியும், ஆனா நூத்தைம்பது ரூபாயை ஒரே நேரத்துல எடுத்து வைக்க முடியாதுன்னுதான் பாக்கெட்டா வாங்குறாங்க. சாஷே, அதாவது சின்னப் பாக்கெட் வியாபாரமே நம்ம கடலூர் சின்னி கிருஷ்ணன் அவங்க ஆரம்பிச்ச வழிதான், பணக்காரன் வாங்குற பொருளை கூலிக்காரனும் வாங்கணும்னு சின்னச் சின்னப் பொட்டலமா போட்டாங்க, அதுக்கப்புறம் 50 பைசா ஷாம்பூ, ஒரு ரூபாய் ஷாம்பூன்னு நாடு முழுக்க போச்சு. சின்ன காசு இருந்ததாலதான் அந்தச் சின்னப் பொட்டலம் வந்துச்சு. காசு பெருசானா பொட்டலமும் பெருசாகும், அப்ப அந்தப் பொம்பளைங்க என்ன பண்ணுவாங்க?

எங்க ஊர்ச் சரக்கை வச்சே இன்னொண்ணு சொல்றேன். தீப்பெட்டி விலை 1995ல 25 பைசாவுல இருந்து 50 பைசா ஆச்சு, 2007ல 50 பைசாவுல இருந்து ஒரு ரூபாய் ஆச்சு, அப்புறம் 14 வருஷம் ஒரே விலை, 2021 டிசம்பர் 1ஆம் தேதியில இருந்து ரெண்டு ரூபாய். ஒவ்வொரு தடவையும் ரெண்டு மடங்கு. தீப்பெட்டி முதலாளிமாரை நான் குத்தம் சொல்லல, சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டை எல்லாமே ஏறிக் கிடந்துச்சு, அவங்க 14 வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு தள்ளினதே பெரிய விஷயம், ரெண்டு ரூபாய் ஆக்கும்போது குச்சியையும் கூட்டித்தான் கொடுத்தாங்க. ஆனா நடுவுல ஒண்ணேகால் ரூபாய், ஒண்ணரை ரூபாய்னு மெதுவா ஏத்த அவங்களால ஏன் முடியல? கால் ரூபாய் காசு 2011லயே போச்சு, அரை ரூபாய் காசை எவனும் வாங்குறதில்ல, அப்ப விலை ஒண்ணுல நிக்கணும், இல்ல ரெண்டுக்குப் போகணும், நடுவுல கால் வைக்க இடமே கிடையாது. நாளைக்கு ஒரு ரூபாயும் போச்சுன்னா ரெண்டு ரூபாய் தீப்பெட்டி அடுத்து எங்க போய் நிக்கும்னு யோசிச்சுப் பாருங்க. என் கணக்குல அது அஞ்சுலதான் நிக்கும்.

இதுல 25 பைசா போன விதத்துக்கும் 50 பைசா போன விதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை கொஞ்சம் சொல்லியாகணும், ஏன்னா நான் எழுதுறதே முக்கியமா அதுக்குத்தான். 25 பைசாவையும் அதுக்குக் கீழ உள்ளதையும் மத்திய அரசு முறையா நிறுத்திச்சு. 2010 டிசம்பர்ல அறிவிச்சாங்க, 2011 ஜூன் 30ல இருந்து செல்லாது, 29ஆம் தேதி வரைக்கும் பேங்க்ல கொடுத்து மாத்திக்கலாம்னு சொன்னாங்க. ஆறு மாசம் டைம் இருந்துச்சு, ஜனங்க மாத்தினாங்க, முடிஞ்சுது. 50 பைசாவை அப்படி யாருமே நிறுத்தல. இன்னைக்கும் அது சட்டப்படி செல்லுற காசு, 2011 நாணயச் சட்டத்துல பத்து ரூபாய் வரைக்கும் 50 பைசாவா கொடுத்து கடன் அடைக்கலாம்னு எழுதியே வச்சிருக்கு, ஒரு ரூபாயும் அதுக்கு மேல உள்ள காசும்னா ஆயிரம் ரூபாய் வரைக்கும். ஆனா ஊர்ல போய் ஒரு டீக்கடையில, ஒரு பஸ்ல 50 பைசாவை நீட்டிப் பாருங்க, உங்களைத்தான் ஒரு மாதிரி பாப்பாங்க. சட்டம் ஒண்ணு சொல்லுது, கல்லா ஒண்ணு சொல்லுது. கையில 50 பைசா வச்சிருந்தவன் அதை எங்க கொண்டு போய் கொடுக்கணும்னு ஒருத்தரும் சொல்லல, தேதியும் கிடையாது, அறிவிப்பும் கிடையாது, அப்படியே கை விட்டுட்டாங்க. அதுல போன பணம் முழுக்க சின்ன ஆளுங்க வீட்டு உண்டியல்ல இருந்த பணம்.

அப்படி கை விட்டதோட பலன் என்னன்னு 2025 செப்டம்பர் 22ஆம் தேதி தெரிஞ்சுது. அன்னைக்கு ஜிஎஸ்டி குறைஞ்சுது, பிஸ்கட், ஷாம்பூ இதுக்கெல்லாம் 18 சதவீதம் இருந்தது 5 சதவீதம் ஆச்சு, நல்ல விஷயம், எல்லாரும் சந்தோஷப்பட்டோம். கணக்கு போட்டுப் பாத்தா அஞ்சு ரூபாய் பிஸ்கட் 4 ரூபாய் 45 பைசா ஆகணும். ரெண்டு ரூபாய் ஷாம்பூ 1 ரூபாய் 78 பைசா. ஒரு ரூபாய் ஷாம்பூ 89 பைசா. இந்த 55 பைசாவையும் 22 பைசாவையும் 11 பைசாவையும் நான் எந்தக் காசுல திருப்பிக் கொடுப்பேன்? எந்த நாணயச்சாலையில அடிச்ச காசுல கொடுப்பேன்? முன்னூறு ரூபாய் ஷாம்பூ பாட்டில் வாங்கினவருக்கு விலை முப்பது ரூபாய்க்கு மேல குறைஞ்சுது, அவர் போன்ல பைசா சுத்தமா அனுப்பிட்டுப் போனார். ஒரு பாக்கெட் வாங்குற அக்காவுக்கு ஒரு பைசா குறையல, அதே ஒரு ரூபாயைத்தான் கொடுத்தாங்க. அப்புறம் கம்பெனிக்காரங்க விலையை பழையபடியே வச்சுட்டு எடையைக் கூட்டித் தர்றோம்னு வந்தாங்க, பிஸ்கட்ல ரெண்டு கூடுதலா வந்தா எண்ணிப் பாக்கலாம், ஷாம்பூ பாக்கெட்ல எத்தனை சொட்டு கூடிச்சுன்னு யாரு அளக்குறது. இதுல யாரு ஏமாத்தினாங்கன்னு நான் சொல்ல வரல. காசு இல்லாத இடத்துல விலை இறங்க முடியாது, வரியைக் குறைச்சாலும் அது ஏழை கை வரைக்கும் வந்து சேராது, அதைத்தான் சொல்றேன். இன்னைக்கு ஒரு ரூபாய்க்குக் கீழ நடந்தது, ஒரு ரூபாயை நிறுத்தினா ஒரு ரூபாய்க்கும் நடக்கும், ரெண்டு ரூபாய்க்கும் நடக்கும்.

சரி, செலவு ஜாஸ்தின்னு சொல்றாங்களே, அதையும் பாத்துருவோம். 2018ல தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டதுக்கு வந்த பதில்ல ஒரு ரூபாய் காசு அடிக்க 1 ரூபாய் 11 பைசா, ரெண்டு ரூபாய்க்கு 1 ரூபாய் 28 பைசா, அஞ்சு ரூபாய்க்கு 3 ரூபாய் 69 பைசா, பத்து ரூபாய்க்கு 5 ரூபாய் 54 பைசான்னு சொல்லியிருந்தாங்க. ஒரு ரூபாய்ல 11 பைசா நஷ்டம், உண்மைதான், ஆனா அதே நாணயச்சாலைக்கு ரெண்டு ரூபாய்ல 72 பைசாவும் பத்து ரூபாய்ல நாலரை ரூபாயும் நிக்குதே, அதை ஏன் கணக்குல சேக்க மாட்டேங்குறாங்க? மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டான்னு நாலு இடத்துலயும் மொத்தமா பாத்தா காசு அடிக்கிறது நஷ்டத் தொழில் கிடையாது. அது போக, இந்தப் பதினோரு பைசா ஒரு தடவை ஆகுற செலவு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காசு, என் கல்லாவுல 1990கள்ல அடிச்ச ஒரு ரூபாய் இப்பவும் பளபளன்னு வருது, அது எத்தனை ஆயிரம் கை மாறியிருக்கும்? ஒரு சாமானைச் செய்ய ஆன செலவை அது உழைச்ச வருஷத்தால வகுத்துப் பாக்கணும், எந்த வியாபாரியும் அப்படித்தான் பாப்பான். தராசு வாங்கின விலையை முதல் கிலோ வெங்காயத்து மேலயே ஏத்துறவன் உண்டா?

காகிதத்துல நடந்ததையும் ஞாபகப்படுத்துறேன். ஒரு ரூபாய் நோட்டை செலவு ஜாஸ்தின்னு சொல்லி 1994ல அச்சடிக்கிறத நிறுத்தினாங்க, 2015ல திரும்ப கொண்டு வந்தாங்க, அப்ப ஒரு நோட்டுக்கு 1 ரூபாய் 14 பைசா ஆச்சு. நோட்டு சீக்கிரம் கிழியும், காசு கிழியாது. நிறுத்தணும்னா அந்த நோட்டைத்தான் முதல்ல நிறுத்தணும், அது எங்க கடை வரைக்கும் வர்றதே இல்ல, கல்யாணத்துல மாலை கட்டவும் சேத்து வைக்கிறவங்க ஆல்பத்துலயும்தான் பாக்க முடியுது.

இன்னொரு ஆள், ஒரு ரூபாய் போனா ரெண்டும் அஞ்சும் இருக்கே அதை வச்சு சமாளிக்கலாமேன்னு என்கிட்டயே கேட்டார். பேப்பர்ல எழுதிப் பாத்தா சமாளிக்கலாம்தான், ஒரு ரூபாய்க்கு சூடம் வாங்குற ஆளு அஞ்சு ரூபாய் கொடுத்து ரெண்டு ரெண்டு ரூபாய் காசு திருப்பி வாங்கணும், மூணு ரூபாய்னா அஞ்சு கொடுத்து ஒரு ரெண்டு வாங்கணும். ஒவ்வொரு சின்ன வியாபாரத்துக்கும் கடைக்காரன் ரெண்டு ரூபாய் காசை அள்ளி அள்ளிக் கொடுக்கணும், அந்த ரெண்டு ரூபாய் காசு என்ன கொட்டியா கிடக்கு? ஒத்த ரூபாய் ஒண்ணு இருந்தா ஒரே கையில முடியுற வேலை. கடைசியில என்ன ஆகும்னா எல்லாரும் அஞ்சு ரூபாய்க்கு வந்து நிப்பாங்க, பதினொண்ணு பதினஞ்சு ஆகும், இல்ல மீதிக்கு மிட்டாய் எடுத்துக்கோன்னு சொல்லுவாங்க. மிட்டாய் கொடுக்குறது இப்பவே நிறைய இடத்துல நடக்குது, நான் கொடுக்குறதில்ல, ஏன்னா அதே மிட்டாயை அடுத்த நாள் அந்தம்மா திருப்பிக் கொண்டு வந்து காசுக்குப் பதிலா வச்சா நான் வாங்குவேனா, வாங்க மாட்டேன்ல. அதுல சட்டச் சிக்கலும் இருக்கு. பாக்கெட்ல எம்ஆர்பி 18ன்னு அச்சடிச்சிருந்தா அதுக்கு மேல ஒரு பைசா நான் வாங்கக் கூடாது, சில்லறை இல்லன்னு சொல்லி இருபது எடுத்தா அது குத்தம். ஒரு ரூபாயை நிறுத்துறவங்க இந்த எம்ஆர்பி விதியை என்ன பண்ணப் போறாங்கன்னு ஒருத்தரும் பேசக் காணோம்.

முறையா நிறுத்தின நாடெல்லாம் இந்த மீதிச் சில்லறைக் கணக்கைத்தான் முதல்ல சரி பண்ணாங்க. கனடாவுல 2012 மே மாசம் கடைசி பென்னியை அடிச்சாங்க, 2013 பிப்ரவரி 4ல இருந்து கடைகளுக்கு கொடுக்குறதை நிறுத்தினாங்க, அப்ப மொத்த பில்லைத்தான் அஞ்சு சென்ட்டுக்கு ரவுண்டு பண்ணணும், ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியா பண்ணக் கூடாது, ஒண்ணு ரெண்டுன்னா கீழ இறக்கணும், மூணு நாலுன்னா மேல ஏத்தணும், கார்டுல கொடுத்தா ரவுண்டே கிடையாதுன்னு தெளிவா சொல்லிட்டாங்க. நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்குற மலேசியாவுல 2008 ஏப்ரல் 1ல இருந்து ஒரு சென் காசுக்கு இதே மாதிரி. அமெரிக்காவுல இந்த மாதிரி விதியைப் போடாமலே காசை நிறுத்தினதால கடைக்காரங்க கையில பென்னி தீந்து போய், எப்படி ரவுண்டு பண்றதுன்னு தெரியாம, சரியான சில்லறை கொடுங்கன்னு போர்டு எழுதி வச்சாங்க. அப்ப அந்தப் பெரிய நாட்டுலயே முன்னேற்பாடு இல்லாம செஞ்சா அவ்வளவு குழப்பம். இங்க ஜிஎஸ்டி சட்டத்துல வரித் தொகையை ரூபாய்க்கு ரவுண்டு பண்றதுக்கு 170ஆம் பிரிவு இருக்கு, அரசாங்கத்துக்கு வர வேண்டிய பணத்துக்கு எழுதத் தெரிஞ்சவங்களுக்கு, கடையில ஒரு கூலிக்காரி கையில திரும்பி வர வேண்டிய பணத்துக்கும் ஒரு பிரிவு எழுத முடியும்.

காசு கிடைக்கிறதில்ல, அதனால நிறுத்துங்கன்னு சொல்றதும் தப்பு. 2018 ஜனவரியில நாலு நாணயச்சாலையிலயும் கொஞ்ச நாள் காசு அடிக்கிற வேலையவே நிறுத்தி வச்சாங்க, ஏன்னா அடிச்ச காசை வைக்க குடோன்ல இடமில்ல. அந்த நேரத்துலயும் கடைத்தெருவுல சில்லறைக்கு அலைஞ்சோம். அங்க குமிஞ்சு கிடக்கு, இங்க தட்டுப்பாடு, நடுவுல அடைப்பு. அந்த அடைப்பு எங்க இருக்குன்னு சில்லறை மாத்தப் போற எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்லுவார். நூறு நூறா எண்ணி பிளாஸ்டிக் கவர்ல கட்டி பேங்குக்கு கொண்டு போனேன், ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையில அப்படித்தான் கொண்டு வரலாம்னு இருக்கு, ஒண்ணு ரெண்டு ரூபாய் காசை எடை போட்டே வாங்கிக்கலாம்னும் இருக்கு. கவுன்ட்டர்ல இருந்தவர் இன்னைக்கு எண்ண ஆளில்ல அடுத்த வாரம் வாங்கன்னு அனுப்பிட்டார். அதுக்கு அடுத்த மாசம் சில்லறை கேட்டுப் போனா எங்ககிட்ட காசே வர்றதில்லைங்கன்னு அதே கவுன்ட்டர்ல சொன்னாங்க. கொண்டு வந்தா வாங்க மாட்டேன், கேட்டா வரலன்னா அப்புறம் காசு எப்படிங்க சுத்தும்? க்யூஆர் ஸ்கேன் பண்ணினா காசு கொட்டுற மெஷினை 12 ஊர்ல வச்சு சோதிக்கப் போறோம்னு 2023 பிப்ரவரியில ரிசர்வ் வங்கி சொல்லிச்சு, நல்ல யோசனை, எங்க ஊர் மாதிரி வியாபார ஊர் பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு வச்சா கமிஷன் கொடுத்து சில்லறை வாங்குற நிலைமை பாதியாவது குறையும்.

காசோட அளவைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. 1992ல வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர் அகலம், 2011ல அதை 22 ஆக்கினாங்க, 2019ல 20 ஆக்கினாங்க, எடையும் 4.85 கிராம்ல இருந்து மூணு கிராமுக்கு வந்துருச்சு. செலவைக் குறைக்கத்தான் செஞ்சாங்க, புரியுது. ஆனா 2011ல வந்த ரெண்டு ரூபாயை பழைய ஒரு ரூபாய் இருந்த அதே 25 மில்லிமீட்டர்ல, அதே 4.85 கிராம் எடையில அடிச்சாங்க. எங்க தெருவுல கண் பார்வை மங்கின ஒரு ஆச்சி இருக்காங்க, காசை விரல் நுனியில தடவி, உள்ளங்கையில போட்டு எடை பாத்துதான் கொடுப்பாங்க, அவங்களுக்கு பழைய ஒண்ணும் புது ரெண்டும் வித்தியாசமே தெரியல, ரெண்டு ரூபாயை ஒண்ணுன்னு நினைச்சு வைப்பாங்க, நான் எடுத்து திருப்பிக் கையில கொடுப்பேன். எல்லா இடத்துலயும் திருப்பிக் கொடுப்பாங்களா? 2019 வரிசையில பார்வை இல்லாதவங்களை மனசுல வச்சு கொஞ்சம் திருத்தினாங்க, இருபது ரூபாய் காசுக்கு 12 பக்கம் வச்சாங்க, ஆனா பழசெல்லாம் இன்னும் சுத்திட்டுத்தான் இருக்கு. இந்த மாதிரிக் குழப்பத்தாலதான் ஜனங்களுக்கு காசு மேல சந்தேகம் வருது, நம்ம தமிழ்நாட்டுல பத்து ரூபாய் காசை வாங்க மாட்டேன்னு எவ்வளவு நாள் அடம் பிடிச்சாங்க, 2018ல ரிசர்வ் வங்கி 14 விதமான பத்து ரூபாயும் செல்லும்னு அறிக்கை விட்ட பிறகும் எத்தனை கண்டக்டர், எத்தனை கடைக்காரங்க வாங்கல. ஒரு காசு மேல சந்தேகம் வந்துட்டா அப்புறம் சட்டத்தால கூட அதை எழுப்பி உக்கார வைக்க முடியாது. ஒரு ரூபாயை நிறுத்தலாமான்னு பேச்சு கிளம்பினாலே போதும், பாதிக் கடையில நாளைக்கே வாங்க மாட்டாங்க, அதனாலதான் இந்த மாதிரிக் கடிதங்களைப் பாத்தா எனக்கு பயமா இருக்கு.

யுபிஐ இருக்கேன்னு சொல்றவங்களுக்கு. எங்க கடையிலயும் க்யூஆர் ஒட்டியிருக்கேன், இளவட்டப் பசங்க மூணு ரூபாய்க்கும் ஸ்கேன் பண்ணுறாங்க, சந்தோஷம், சில்லறைத் தொல்லை இல்ல. ஆனா பள்ளிக்கூடப் பிள்ளை போன் கொண்டு வராது. நூறு நாள் வேலைக்குப் போற பெரிய பொம்பளைங்க கையில பட்டன் போன், அதுவும் மகன் கூப்பிட்டா எடுக்க மட்டும். மழை பேஞ்சு டவர் போச்சுன்னா எல்லாரும் மறுபடியும் காசைத்தான் தேடுறாங்க. போன்ல போகுற வியாபாரம் கூடினா காசு கொஞ்சமா அடிச்சா போதும், அது சரி, தேவையைப் பாத்து குறைச்சு அடிங்க. குறைக்கிறது வேற, நிறுத்துறது வேற.

மொய் கவர்ல ஒட்டி வர்ற ஒரு ரூபாயைப் பத்தி யாரும் பேசுறதில்ல. நூத்தியொண்ணு, ஐநூத்தியொண்ணுன்னு ஒத்தப்படையா வைக்கிறது நம்ம வழக்கம், கவர் அடிக்கிறவங்களே காசை ஒட்டித்தான் விக்கிறாங்க. சாவு வீட்டுல நெத்தியில வைக்கிறதும் அந்த ஒரு ரூபாய்தான், எங்க அப்பாவுக்கு நானே வச்சேன். இதையெல்லாம் காரணமா வச்சு அரசாங்கம் காசு அடிக்கணும்னு நான் கேக்கல, ஆனா ஜனங்க வாழ்க்கையில அது எவ்வளவு தூரம் உள்ள போயிருக்குன்னு டெல்லியில முடிவு எடுக்குறவங்களுக்குத் தெரியணும்.

நான் கேக்குறது இதுதான். ஒரு ரூபாய் காசு தொடர்ந்து அடிக்கணும், அது வாங்க மாட்டேன்னு சொல்றவங்க மேல, கடையா இருந்தாலும் பேங்க்கா இருந்தாலும், புகார் கொடுத்தா நடவடிக்கை வரணும். 50 பைசாவை, இனிமே உயிர் கொடுக்க முடியாதுன்னா, 25 பைசாவை நிறுத்தின மாதிரி தேதி போட்டு, ஆறு மாசம் டைம் கொடுத்து, பேங்க்ல மாத்திக்கிற வசதியோட முறையா நிறுத்தணும், எல்லா வீட்டு உண்டியல்லயும் சாமி மாடத்துலயும் கிடக்குற அந்தக் காசு அவங்க பணம், அதுக்கு ஈடு கொடுக்காம விடக் கூடாது. அதோட சேத்து ரொக்கமா வாங்கும்போது மொத்த பில்லை எப்படி ரவுண்டு பண்ணணும்னு ஒரு விதி, எம்ஆர்பி விதிக்கு இடிக்காம, தமிழ்ல, எல்லாக் கடையிலயும் ஒட்டி வைக்கிற மாதிரி வரணும். எம்ஆர்பி அச்சடிக்காத சாமானுக்கு பில் பைசாவுல வந்தா கடைக்காரன் இஷ்டத்துக்கு மேல ஏத்துறதுக்கு இன்னைக்கு தடுப்பே இல்ல, நான் கடைக்காரன், நானே சொல்றேன்.

அடுத்த தடவை இதைப் பத்தி உங்க பேப்பர்ல எழுதுறதுக்கு முன்னாடி ஒரு நிருபரை எங்க ஊர்ப் பக்கம் அனுப்புங்க. சனிக்கிழமை வேண்டாம், அன்னைக்கு சம்பள நாள், எல்லார் கையிலயும் நோட்டு இருக்கும். வியாழன் வெள்ளியில அனுப்புங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஏதாவது ஒரு பெட்டிக்கடை ஓரமா நின்னு யார் யார் என்ன காசை நீட்டுறாங்க, என்ன வாங்கிட்டுப் போறாங்கன்னு பாத்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
கோவில்பட்டி